எண்ணெய்ப் பம்பை மாற்றும்போது பேக்கிங் போடும் முறை

நமது கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினருள், யாதேனும் ஓர் என்ஜினோடு சம்பந்தமில்லாதவர் இக்காலத்தில் சிலரேயாவர். முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள கடைமடைக் கிராமங்களில் வாய்க்கால் நீரை வயலுக்கு ஏற்றுவது எண்ணெய் என்ஜின். சேடை ஓட்டுவது டிராக்டர். உப்பங்கழியில் மீன்பிடிக்கச் செல்லும் படகுகளிலும் என்ஜின் உண்டு. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவது மோட்டார் வண்டி. மிகச் சிறிய சில என்ஜின்களை நீக்கினால், மற்றவற்றின் வயிற்றில் எண்ணெய்ப் பம்பு ஒன்று இருக்கும். அந்தப் பம்பு தேய்ந்து மாற்றப்படும்போது அதனுடன் வைத்து முடுக்கப்படும் ஒரு காகிதத் துண்டைப் பற்றியதே இப்பாடம். எஞ்சினீயர்கள் அதனைக் காஸ்கெட் என்பர். நமது பட்டறைகளில் பேக்கிங் என்பதே வழக்கு.

அதன் விலை சொற்பம். ஆயின் அதனைப் பிழையாகப் போட்டால் அழிவது பேரிங்குகளும் கிராங்க் ஷாப்டும் ஆகும். கிராங்க் ஷாப்டைச் சாணை பிடிக்கப் பெரிய ஊர்ப் பட்டறைக்கு அனுப்பவேண்டி நேர்ந்தால், செலவு ஒருபுறமிருக்க, நாட்கள் வீணாகும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆந் தேதிக்குப் பின், நீர் கடைமடைக்கு வந்து சேரும் சமயத்தில் என்ஜின் படுத்துக்கொண்டால் நேரும் நஷ்டம் எவ்வளவென்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பாடம் தெளிவாக விளங்குவதற்கு, நமது ஜில்லாக்களில் பலரும் அறிந்த ஒரு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1957ஆம் வருஷத்தில் தொடங்கி, 2014ஆம் வருஷம் மே மாதம் வரையில் தயாரித்த அம்பாஸிடர் காரே அது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களையும் கலியாணக் கோஷ்டிகளையும் ஒன்றுபோலச் சுமந்த அவ்வண்டி இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. எனினும் பழைய வண்டிகள் அங்கங்கே ஓடுகின்றன. 1959 முதல் நெடுங்காலம் அதில் இருந்தது 1489 கன செண்டிமீட்டர் அளவுள்ள பி.எம்.சி. என்ஜின், அதாவது பி-வரிசையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் வந்த இசுசு என்ஜின் வண்டிகளுக்கு அமைப்பு வேறு. நாம் கூறப்போவது முன்னதைப் பற்றியது. அதன் தத்துவம் எல்லா என்ஜின்களுக்கும் பொருந்தும்.

அவ்வென்ஜினில் எண்ணெய்ப் பம்பு, சிலிண்டர் பிளாக்கின் அடியில், சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டிக்குள் தொங்குகிறது. மூன்று ஸ்டட்டுகளும் மூன்று நட்டுகளும் அதனைப் பிளாக்கோடு பிணைக்கின்றன. காம் ஷாப்டிலிருந்து ஒரு சிறு தண்டு கீழிறங்கி அதனைச் சுழற்றுகிறது. பம்பின் உள்ளே ஒரு வளையமும், வளையத்துக்குள் சற்றே மையம் விலகி ஓடும் ஒரு சுழலியும் இருக்கின்றன. அடியிலுள்ள சல்லடையின் வழியாக எண்ணெய் ஏறிப் பம்புக்குள் புகுந்து, அழுத்தம் பெற்று, பிளாக்கில் துளைக்கப்பட்ட வழியே பில்டருக்கும், அங்கிருந்து பேரிங்குகளுக்கும் செல்லுகிறது. பம்பின் முகமும் பிளாக்கின் முகமும் சந்திக்குமிடத்தில் மேற்சொன்ன காகிதப் பேக்கிங் இருக்கிறது. பேரிங்குக்கும் கிராங்க் ஷாப்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலமோ பெரும்பாலும் தலைமயிரின் பருமனிலும் குறைந்தது. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உராயும். சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும்.

இனி, பேக்கிங் ஒழுகுவது என்றால் என்ன என்று பார்ப்போம். இதில்தான் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தால் உடனே கவலைப்படுகிறோம். சம்பின் விளிம்புப் பேக்கிங் ஒழுகினால் அவ்வாறு சொட்டும்; அது கண்ணுக்குத் தெரிவதால் அவ்வளவு அபாயமன்று. எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே சில நாள் காலம் தள்ளலாம். பம்புக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள பேக்கிங் ஒழுகினால் ஒரு துளியும் வெளியே வராது. அழுத்தம் பெற்ற எண்ணெய் அந்த இடுக்கின் வழியே பீறிட்டு, மீண்டும் அதே சம்பிலேயே விழும். தரை சுத்தமாயிருக்கும், மட்டக்கோலில் எண்ணெய் குறையாது, பேரிங்குகள் மட்டும் பட்டினி கிடக்கும். ஆதலின் கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கைக் காட்டிலும் தெரியாத ஒழுக்கே கொடியது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

சல்லடைப் பக்கத்தில், அதாவது உறிஞ்சும் பக்கத்தில், நேரும் குறை இன்னும் விசித்திரமானது. இதனை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. வாய்க்காலில் குழாயை இறக்கி என்ஜினை ஓட்டும்போது, உறிஞ்சு குழாயின் இணைப்பில் ஓர் ஊசித் துளை இருந்தால் பம்பு தண்ணீர் எடுக்காது. அத்துளையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதுமில்லை. காற்றே உள்ளே புகுகிறது. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்லினும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு. அதற்குமேல் ஒரு பவுண்டும் கிடைக்காது. தண்ணீரைக் காட்டிலும் காற்று இலேசாகப் புகுவதால், வழி கிடைத்த இடத்தில் அதுவே முந்திக்கொள்ளும். இதனாலன்றோ நம் குடியானவர்கள் இணைப்புகளில் களிமண்ணை அப்புவதும், பம்புக்குள் சாணித் தண்ணீரை ஊற்றி ஓட்டிவிடுவதும்! என்ஜினுக்குள்ளே எண்ணெய்க்கும் இதே விதிதான். அங்கே சாணித் தண்ணீர் ஊற்ற இயலாது என்பதொன்றே வித்தியாசம்.

சல்லடை இணைப்பு எண்ணெய் மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருந்தால் காற்றுப் புகாது என்று சிலர் வாதிக்கலாம். வாதம் சரியே, ஆனால் அப்போது சல்லடையைக் கடவாத எண்ணெய் அவ்விடுக்கின் வழியே நேரே பம்புக்குள் நுழையும். எண்ணெய் சற்றுக் குறைந்திருக்கையிலோ, வண்டி வாராவதி ஏற்றத்தில் சாய்ந்து நிற்கையிலோ, இணைப்பு மட்டத்துக்கு மேலே வந்து காற்றும் நுழையும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் சோதிக்கவேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் உடனே பம்பின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பேரிங்குகள் தேய்ந்திருந்தாலும் அழுத்தம் குறையும். பம்பு அனுப்பும் எண்ணெய் அகன்ற இடைவெளிகளில் ஓடிவிடுவதே காரணம். அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரிலீப் வால்வில் குப்பை சிக்கினாலும் குறையும். இவ்வென்ஜினில் அவ்வால்வு பிளாக்கின் இடப்புறம் பின்பக்கத்தில், ஒரு குமிழ் நட்டுக்குள் இருக்கிறது. சம்பைக் கழற்றாமலே அதனைப் பார்த்துவிடலாம். அந்நட்டின் அடியிலுள்ள பைபர் வாஷர்களும் ஒருவகைப் பேக்கிங்கே. அவற்றையும் புதிதாக மாற்றுதல் நலம்.

சம்பை இறக்குமுன் என்ஜின் சற்றே சூடாயிருக்கும்போது எண்ணெயை வடித்துவிடுக. இறக்கியபின் அதன் அடியில் படிந்திருப்பதை அவசரப்பட்டுக் கழுவிவிடலாகாது. விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பளபளக்கும் துகள் இருந்தால் பேரிங்கின் நிலையைப் பார்த்தாகவேண்டும். ரப்பர் போன்ற துணுக்குகள் சல்லடையில் அடைத்திருந்தால், முன்பு வேலை செய்தவர் பசையை வாரி அப்பியிருக்கிறார் என்று அறியலாம்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும் வேலை எளிதாகத் தோன்றும். அதிலேதான் பெரும்பாலான பிழைகள் நேருகின்றன. பழைய என்ஜின்களின் பேக்கிங்குகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். கல்நார்த் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவது. ஆதலின் உலர்ந்த பேக்கிங்கை உரசுவதும், காற்றுக் குழாயால் ஊதுவதும் கூடா. அதனை நனைத்து ஊறவைத்து, ஈரமாகவே எடுத்து, கந்தலோடு சேர்த்து உறையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். சுரண்டுவதற்குப் பித்தளைத் தகடோ கட்டியான பிளாஸ்டிக்கோ போதும். உளியின் கூர்முனை முகத்தில் ஒரு கீறலை உண்டாக்கினால், அக்கீறலே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். எமரி தாளை இங்கே அறவே விலக்கவேண்டும். அதன் மணல் எண்ணெய் வழிக்குள் விழுந்தால் பேரிங்கைத் தின்னும். சுரண்டும்போது பிளாக்கிலுள்ள எண்ணெய்த் துளையைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்க. அத்துணியின் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கவேண்டும். உள்ளே மறந்துவிட்ட துணி, பேக்கிங்கைவிடப் பெரிய சத்துரு. முகங்களைத் துடைக்க மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டாம்.

நமது ஊரின் உப்புக்காற்றைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஓரிரு மாதம் கழற்றிப் போட்ட சம்பின் விளிம்பில் துரு பொரிந்து நிற்பதை இங்கே காணலாம். அதன்மேல் எத்தனை நல்ல பேக்கிங் வைத்தாலும் படியாது. காகிதப் பேக்கிங்குகளும் ஈரத்தில் பெருத்து, உலர்ச்சியில் சுருங்கும். துளைகள் ஸ்டட்டுக்கு ஒவ்வாமற் போகும். வாங்கியதைச் சட்டமாகப் பலகையில் வைத்துத் தகர டப்பாவில் மூடிவைக்கவேண்டும். ஆணியில் மாட்டித் தொங்கவிடலாகாது.

புதிய பம்பையும் சோதியாமல் போடுதல் தகாது. மூடியைக் கழற்றி, இரும்பு அளவுகோலை முகத்தின் குறுக்கே வைத்து, பீலர் கேஜைக் கொண்டு இடைவெளிகளை அளக்கவேண்டும். இவ்வகைப் பம்புகளுக்கு, சுழலியின் முகத்துக்கும் மூடிக்கும் இடையில் 0.005 அங்குலத்துக்கு மேலும், சுழலியின் பற்களுக்கிடையில் 0.006 அங்குலத்துக்கு மேலும், வெளிவளையத்துக்கும் பம்பின் கூட்டுக்கும் இடையில் 0.010 அங்குலத்துக்கு மேலும் இருக்கலாகாது. இவ்வளவுகளைப் பார்த்தாலே, இங்கே ஒரு காகிதத்தின் பருமன் எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் செய்தவர்கள் பேக்கிங் வைக்கவில்லை; அங்கே நாம் ஒன்றை வெட்டி வைத்தால் இடைவெளி இரட்டிக்கும், எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறாது. இதற்கு மாறாக, சில பல்சக்கரப் பம்புகளில் மூடிக்கு மெல்லிய பேக்கிங் உண்டு. அங்கே அப்பேக்கிங்கின் பருமனே பல்சக்கரங்களின் இடைவெளியாகும். தடித்ததை வைத்தால் அழுத்தம் குறையும், மெல்லியதை வைத்தால் சக்கரம் இறுகி நின்று ஓட்டும் தண்டு முறியக்கூடும். ஆகவே செய்தவர் வைத்த இடத்தில், அவர் வைத்த பருமனில் வைப்பதும், அவர் வைக்காத இடத்தில் வைக்காதிருப்பதும் வேண்டும்.

பேக்கிங்கைப் பட்டறையிலேயே வெட்டிக்கொள்வதைப் பற்றி நமது அபிப்பிராயம் யாது என்று சிலர் கேட்கலாம். தாளை முகத்தின்மேல் வைத்துச் சுத்தியின் உருண்டை முனையால் மெல்லத் தட்டி, விளிம்பு விளிம்பாக அறுத்தெடுக்கும் கைத்திறனை நாம் இகழவில்லை. கிராமத்து மெக்கானிக்குகளுள் அதில் தேர்ந்தவர் பலர். தண்ணீர்ப் பம்புக்கும் டாப்பட் மூடிக்கும் அது முற்றிலும் தகும். எண்ணெய்ப் பம்புக்கு வெட்டுவதானால், பழையதன் பருமனுக்குச் சமமான, எண்ணெய் தாங்கும் பேக்கிங் தாளே வேண்டும். அட்டைப்பெட்டியின் அட்டை எண்ணெயில் ஊறிப் பிய்ந்துபோகும். தட்டும்போது உதிரும் நார் பிளாக்கின் துளையில் விழக்கூடும்; ஆதலால் பிளாக்கின்மேல் வைத்துத் தட்டாமல், பம்பின் முகத்தை மையில் ஒற்றி அச்செடுத்து, பலகையின்மேல் வெட்டி, துளைகளைப் பஞ்சால் குத்தவேண்டும். துளை சற்றுப் பெரிதாயிருக்கலாம். சிறிதாய் எண்ணெய் வழியின் ஓரத்தை மறைக்கலாகாது.

இனிப் பொருத்தும் முறை. புதிய பேக்கிங்கை முதலில் பம்பின் முகத்தில் உலர்வாக வைத்துப் பார்க்கவேண்டும். பின் பிளாக்கின் முகத்திலும் அவ்வாறே. எண்ணெய் வழி முழுவதும் திறந்து தெரிகிறதா? ஸ்டட்டுத் துளைகள் மூன்றும் இழுபறியின்றி ஒத்து வருகின்றனவா? பேக்கிங்கைப் புரட்டி வைத்தால் துளைகள் ஏறத்தாழ ஒத்து வருவது போலத் தோன்றி, எண்ணெய் வழி பாதி மறைந்துபோவதுண்டு. அப்படி மறைந்த பேக்கிங் ஒழுகவே ஒழுகாது, எண்ணெயையும் விடாது. ஆதலின் இரண்டு முகத்திலும் வைத்துப் பார்க்காமல் ஒருபோதும் முடுக்கலாகாது. ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் பத்திரம் என்பதும் தவறு. இரண்டு காகிதங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் ஒழுகும் இடம் உண்டாகிறது.

பசை விஷயத்தில் நமது மெக்கானிக்குகளோடு நமக்குச் சிறிது மனஸ்தாபம் உண்டு. ஷெல்லாக்கும் சிலிகான் பசையும் தக்க இடத்தில் நல்லவையே. எண்ணெய்ப் பம்பின் பேக்கிங்குக்கு அவை தேவையில்லை. முகம் சமமாயிருந்தால் உலர்ந்த காகிதமோ, புதிய எண்ணெய் தடவிய காகிதமோ போதும். முகம் சமமில்லையேல் பசை அதைச் சமமாக்காது. முடுக்கும்போது பிதுங்கும் பசை வெளியே பிதுங்குவதைத்தான் நாம் காண்கிறோம்; அதே அளவு உள்ளேயும் பிதுங்கி எண்ணெய் வழியின் ஓரத்தில் மணிபோல் நிற்கிறது. சூட்டில் அது பெயர்ந்து, எண்ணெயோடு ஓடி, ஒரு சிறு துளையில் அடைத்துக்கொள்ளும். அல்லது சம்பில் விழுந்து சல்லடையை மூடும்.

பம்பின் உள்ளே புதிய எண்ணெயை நிரப்பி, ஓட்டும் தண்டு காம் ஷாப்டின் பற்களில் சரியாக அமர்ந்ததைக் கையால் உணர்ந்தபின், நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. பம்பு முகத்தோடு முகம் தானாகவே அமரவேண்டும். நட்டை முடுக்கி இழுத்து அமர்த்தினால் தண்டு சரியாக நுழையவில்லை என்பது பொருள். இக்குடும்பத்து என்ஜின்களில் பம்பின் நட்டுகளுக்கு 14 அடி-பவுண்டும், சம்பின் போல்ட்டுகளுக்கு 6 அடி-பவுண்டும் அளவாகும். பின்னது மிகச் சொற்பம் என்று வியக்கவேண்டாம். சம்பின் விளிம்பு மெல்லிய தகடு. பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் போல்ட்டுத் துளையைச் சுற்றிக் குழிவிழுந்து, இரு போல்ட்டுகளுக்கு நடுவே தகடு வளைந்து நிற்கும். ஒழுகுகிறதே என்று மேலும் முடுக்கினால் மேலும் ஒழுகும். முன்பு அவ்வாறு குழிந்த விளிம்பை மரக்கட்டையின்மேல் கவிழ்த்துத் தட்டிச் சமமாக்கியபின்னரே புதிய பேக்கிங் வைக்கவேண்டும். முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடிகளின் அடியில் வரும் கார்க்குப் பட்டைகளை மறவாதீர்கள். அவை சற்றே நீட்டி நின்று நசுங்கவேண்டும், வெட்டிச் சமமாக்கலாகாது. பட்டைகளும் பக்கப் பேக்கிங்குகளும் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் பசையை ஒரு பொட்டளவு வைக்கலாம்.

என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்துவிடலாகாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அம்பாஸிடருக்கு ஹாண்டில் இருப்பதால் அதைக்கொண்டே, எண்ணெய் பில்டர் வரையில் ஏறும்வரை சுற்றவேண்டும். பிறகு பிளக்குகளைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை மிதியாமல் கேஜையோ விளக்கையோ பார்த்திருக்கவேண்டும். சில விநாடிகளுக்குள் அழுத்தம் காட்டாவிடில் உடனே நிறுத்திவிடுக. சிறிது ஓடினால் சரியாய்விடும் என்று சொல்லுபவரின் சொல்லைக் கேட்கவேண்டாம்.

சங்கத்துக்குச் சொந்தமான டிராக்டரோ வண்டியோ பழுது பார்க்கப்படுமானால், காரியதரிசி பில்லில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்டுப் பெறவேண்டும். கழற்றிய பழைய பம்பு ஒன்று. போட்ட பேக்கிங்கின் உறை ஒன்று. முதல் ஓட்டத்தில் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் காட்டிய எண்ணெய் அழுத்தம் எழுதிய சீட்டு ஒன்று. பழைய பேக்கிங்கின் அளவையும் பருமனையும் ஒரு தாளில் வரைந்து வண்டியின் புத்தகத்தில் ஒட்டிவைப்பது மறுமுறைக்கு உதவும். அழுத்தச் சீட்டோ அதைவிட அவசியமானது. ஆறு மாதம் கழித்து அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பதும் இவ்வூரில் அற்ப விஷயமன்று. வாய்க்காலில் கொட்டியது கோரையாற்றின் வழியாகவும் பாமணியாற்றின் வழியாகவும் உப்பங்கழிக்கே போய்ச் சேரும். அங்குள்ள அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டிய வேர்களாலேயே மூச்சு விடுகின்றன. எண்ணெய்ப் படலம் அவ்வேர்களின் நுண்துளைகளை அடைத்துவிடும். மீனும் இறாலும் அம்மரங்களின் நிழலில் வளர்பவை. ஆகவே கழிவெண்ணெயை டின்னில் அடைத்து, அதனை வாங்க அனுமதி பெற்றவரிடம் சேர்க்கவேண்டும். படகு என்ஜின் வைத்திருப்போர் படகின் அடியில் தேங்கியதை உப்பங்கழியில் இறைத்துவிடாமல் கரைக்குக் கொண்டுவரவேண்டும்.

வேலை முடிந்த இரவு, வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் பார்க்கவும். தாளில் சொட்டு இருந்தால் சம்பின் போல்ட்டுகளை அளவறிந்து ஒருமுறை சரிபார்த்தால் போதும். கார்க்கு முதற் சூட்டில் சற்றே அமர்ந்திருக்கும். தாள் சுத்தமாயிருப்பினும் கேஜில் அழுத்தம் முதல்நாள் சீட்டில் கண்டதைவிடக் குறைந்திருந்தால், வண்டியை வெளியே எடுக்காமல் சம்பை மறுபடி இறக்கவேண்டும்.